சுவர் குதிரையை நிறுத்தாது

பெங்களூரில் பேரல் ரேஸ் நடத்தத் துடிக்கும் ஜீவனஹள்ளிக்காரர் ஒருவர், எங்கள் பகுதியில் குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சுற்றறிக்கை ஒன்று அனுப்பியிருக்கிறார். ஓட்டம் முடிந்ததும் குதிரை எப்படி நிற்கும் என்று ஒரு தாய் கேட்டிருந்தார். அதற்கு அவர் சொல்லும் பதில்: எதிரே சுவர் இருந்தால் குதிரை தானாக நிற்கும், அப்படியும் நிற்காவிட்டால் கடுமையான கடிவாளத்தைப் போட்டு இழுத்தால் போதும், ராணுவக் குதிரை வீரர்களையும் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சாவையும் பார்த்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முதல் இரண்டும் பிள்ளையையும் குதிரையையும் கொல்லக்கூடிய யோசனைகள். மூன்றாவது, அந்த வீரர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

பேரல் ரேஸ் அமெரிக்காவில் வளர்ந்த விளையாட்டு. முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களைச் சுற்றிவிட்டு, மூன்றாவதிலிருந்து முடிவுக் கோட்டை நோக்கி நேராகப் பாய வேண்டும். முதல் இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே 30 கெஜம், அவற்றிலிருந்து மூன்றாவதற்கு 35 கெஜம் என்பது வழக்கமான அளவு. குதிரை உச்ச வேகத்தில் வருவது கடைசிப் பாய்ச்சலில்தான். அதனால் நிற்கும் இடமும் ஆடுகளத்தின் ஒரு பகுதி. திடல் சிறியதாக இருந்தால் பீப்பாய்களுக்கு இடையிலான தூரத்தை ஐந்தைந்து கெஜமாகக் குறைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கத்தின் விதி. ஓட்டத்தைச் சுருக்கலாம், நிற்கும் இடத்தைத் தின்னக் கூடாது. நம்மவர் இதைத் தலைகீழாக்கியிருக்கிறார். ஓட்டம் முழு அளவு, நிற்பதற்கு மிச்சம் கிடைத்த மண்!

சுவரைப் பார்த்தால் குதிரை நிற்கும் என்கிறார். நிற்கலாம், சட்டென்று பக்கவாட்டில் திரும்பவும் செய்யலாம். அப்போது மேலே இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை குதிரையோடு திரும்புவதில்லை. நேராகச் சுவருக்குப் போகும். சரி, நின்றே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் குதிரையை 10 மீட்டரில் நிறுத்தினால், வேகம் குறையும் விகிதம் ஏறக்குறைய புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம். காரில் அவசர பிரேக் போடுவதைவிடக் கடுமை. அதையே 40 மீட்டரில் நிறுத்தினால் கால்பங்குதான். சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. சுவருக்கு முன்னால் மிரண்டு நிற்கும் குதிரை மொத்தப் பாரத்தையும் அந்த மெல்லிய கால்களின் தசைநாண்களில் இறக்குகிறது. மழை பெய்து வழுக்கும் செம்மண்ணில் இது நடந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் குதிரை வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டுமா?

அடுத்து, கடுமையான கடிவாளம். குதிரையின் கீழுதட்டை விலக்கிப் பாருங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி இருக்கும். கடிவாள இரும்பு படுவது அங்கேதான். விரலை வைத்தால் மெல்லிய ஈறும், உடனே அதன் கீழே எலும்பும் தட்டுப்படும். அந்த இடத்தில் முழு பலத்தோடு இழுத்தால் குதிரை தலையைத் தூக்கும், முதுகைக் குழிக்கும், வாயைப் பிளக்கும், வலிக்கு எதிராக இன்னும் முன்னே தள்ளும். பின்னங்கால்களை உடலுக்கு அடியில் கொண்டுவந்து நிற்க வேண்டிய குதிரை, அதைச் செய்ய முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. நிறுத்துவதற்காகப் போட்ட இரும்பே அதை ஓட வைக்கிறது. அவர் மனதில் இருப்பது முள் கடிவாளம் என்றால், 1965ஆம் ஆண்டின் பார விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. வண்டிக்கு மட்டுமல்ல, சவாரிக்கும் அந்தத் தடை உண்டு.

குதிரையை நிறுத்தும் வேலை உடம்பிலிருந்து தொடங்குகிறது. கோட்டைத் தாண்டும்வரை நேராக ஓட விட வேண்டும். கோட்டிலேயே இழுக்கக் கூடாது. தாண்டியதும் சவாரி செய்பவர் சேணத்தில் ஆழமாக உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டு, இடுப்பின் அசைவை நிறுத்துகிறார். பழகிய குதிரை இதிலேயே ஒரு படி இறங்கிவிடும். பிறகுதான் கை. கடிவாள வாரை இழுத்து, குதிரை அடங்கிய கணமே தளர்த்தி, மறுபடி இழுக்க வேண்டும். அந்தத் தளர்வுதான் குதிரைக்குப் புரியும் மொழி. விடாமல் இழுத்துப் பிடித்தால் அது வாரின் மேல் சாய்ந்துகொண்டே ஓடும். இன்னும் வேகம் மிச்சமிருந்தால் அகலமான வட்டத்தில் திருப்பலாம். முழு வேகத்தில் தலையை ஒரு பக்கம் முறுக்கினால் கால் பின்னி விழும். இதையெல்லாம் முதலில் நடையில், பிறகு பெருநடையில், பிறகு பாய்ச்சலில் மாதக்கணக்கில் பழக்க வேண்டும். தினமும் ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது. குதிரை அந்த இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு அதற்கு முன்பே முறுக்கிக்கொள்ளும். நின்றபின் வயிற்றுவாரைத் தளர்த்தி, மூச்சு அடங்கும்வரை நடத்த வேண்டும். சுற்றறிக்கையில் இதில் ஒரு வரிகூட இல்லை.

ராணுவ வீரர்களைத் துணைக்கு அழைக்கிறார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈட்டியால் ஆப்பு பிடுங்கும் போட்டியில் ருபிந்தர் சிங் பிரார் தங்கம் வென்றார். அந்தப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆப்பைத் தாண்டியும் தளம் நேராக நீளும். யாரும் சுவரில் போய் முடிப்பதில்லை. மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர், குழு இரண்டிலும் வெள்ளி வாங்கிய ஈவென்ட்டிங் என்ற பல சுற்றுக் குதிரையேற்றப் போட்டியில், முந்தைய நாள் காடுமேடு ஓடிய குதிரை மறுநாள் மருத்துவர் முன் நொண்டாமல் நடந்து காட்டினால்தான் அடுத்த சுற்று. ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போய் பந்தயம் பார்க்கட்டும். வெற்றிக் கம்பத்தைத் தாண்டிய ஜாக்கிகள் அங்கவடியில் எழுந்து நின்றபடி, அடுத்த வளைவு வரைக்கும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போவார்கள். இந்த ஊர்ப் பெருமையைச் சொல்பவர் இந்த ஊரில் நடப்பதைப் பார்க்க வேண்டாமா?

பெருமை மட்டும் குதிரையைக் காப்பாற்றியதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் பெரும் பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் செத்துப்போனதாக எழுதியிருக்கிறார். அரசனிடம் பணம் இருந்தது, ஆசையும் இருந்தது.

பேரல் ரேஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகான விளையாட்டு அது. நம் பிள்ளைகள் நன்றாகவே ஓட்டுவார்கள். பெற்றோர்களே, கையெழுத்துப் போடும் முன் திடலுக்குப் போய், முடிவுக் கோட்டிலிருந்து சுவர் வரைக்கும் டேப் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் பிள்ளை ஏறப்போகும் குதிரையின் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாய்ச்சலில் வரும் அந்தக் குதிரையைப் பயிற்சியாளர் தளர்ந்த வாரில் ஒருமுறை நிறுத்திக் காட்டட்டும். அவர் மறுத்தால் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.