பின்னணி மங்கக் கூடாத ஊர்



ஒளிப்படம் பழகுபவர்கள் எழுதும் கடிதங்களில் ‘எந்த லென்ஸ் வாங்கலாம்?’ என்பதுதான் முதல் கேள்வி. கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸே போதும். காசைச் சேர்த்துவைத்துக் கோலார் தங்கவயலுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

அங்கே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைட் மேடுகள் நிற்கின்றன. சயனைட்டால் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண்; 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்வரை, நூறாண்டுக்கு மேல் சேர்ந்தது. ஒரு வீட்டு வாசலை ஒட்டி நின்று 18 மி.மீ.யில் எடுங்கள்: வீடு பெரிது, மேடு எங்கோ ஒரு திட்டு. தெருக்கோடிக்குப் போய், அதே வீட்டை அதே அளவில் 55-இல் பிடியுங்கள். மேடு எழும்பிக் கூரைக்கு மேலே வந்து நிற்கும். மாயம் லென்ஸில் இல்லை, நீங்கள் பின்னால் நகர்ந்ததில் இருக்கிறது. அந்த மி.மீ. எண், அதாவது குவியத்தூரம், எவ்வளவு காட்சியை வெட்டி எடுப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது.

அடுத்தது துளை, அதாவது அப்பர்ச்சர். எஃப் எண் சிறிதானால் துளை பெரிது என்பது பலரைக் குழப்புகிறது. குவியத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ.; எஃப்/8 என்றால் 6 மி.மீ. சொச்சம். வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். பதிலுக்கு, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும்.

துளையை அகலத் திறந்து, முகத்தை மட்டும் தெளிவாக்கிப் பின்னணியைக் கரைப்பது இன்றைய மோகம். போன்கூட மென்பொருளை வைத்து அதைச் செய்துவிடுகிறது. கல்யாண வீட்டுக்குச் சரி. சுரங்கத்தில் இறங்கி உழைத்த ஒரு பெரியவரை அவர் தெருவில் நிறுத்திவிட்டு, பின்னாலிருக்கும் ஷாஃப்ட் கோபுரத்தை மங்கலாக்கினால் அவர் எந்த ஊர்க்காரராகவும் ஆகிவிடுவார். காலை வெயிலில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று, 24 மி.மீ., எஃப்/11 வைத்துப் பாருங்கள். முகச் சுருக்கமும் தெரியும், கோபுரத்தின் இரும்புச் சட்டங்களும் தெரியும். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அங்கே துளையைத் திறந்தே ஆக வேண்டும், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

எடுத்த படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். அடியில் மி.மீ. எண்ணும் எஃப் எண்ணும் இருக்கட்டும். படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தீர்களா, அவருக்கு ஒரு பிரதி கொடுத்தீர்களா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்