எதையும் ஊற்றலாம் என்பவர்களுக்கு

"போய்ச் சேருகிற இடத்தில் சுத்தம் பண்ணத்தானே ஆள் வைத்திருக்கிறார்கள்?" முலாம் பட்டறைக்காரர் இதைச் சொல்கிறார். ஓட்டல் முதலாளி சொல்கிறார். பெயின்ட் அடித்து மிஞ்சிய தின்னரைக் குளியலறையில் கவிழ்க்கிற நடுத்தரக் குடும்பத்தாரும் இதையே நம்புகிறார்கள். பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்டியாயிற்று, இனி அதில் எதை ஊற்றினாலும் நம் பொறுப்பு தீர்ந்தது என்ற இந்த நம்பிக்கை முழுப் பொய்.

சுத்திகரிப்பு நிலையத்தில் உண்மையில் வேலை பார்ப்பவை நுண்ணுயிர்கள். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, அவற்றைப் பெருகவிட்டு, அவற்றைக் கொண்டே அழுக்கைத் தின்னவைக்கும் முறையை 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்டார்கள். நம் நகரங்களின் நிலையங்கள் பலவும் இன்றும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. மலம், கஞ்சி, சோப்பு நுரை எல்லாம் அந்த உயிர்களுக்கு இரை. ஈயமும் பாதரசமும் இரை ஆகா. அவை தனிமங்கள்; எந்த உயிராலும் அவற்றைத் தின்று தீர்க்க முடியாது. ஒன்று தண்ணீரோடு ஆற்றுக்குப் போகும், இல்லையென்றால் கசட்டில் தங்கும். சயனைடு ஒரே மூச்சில் அதிகமாக வந்து சேர்ந்தால் அந்த உயிர்களே செத்துவிடும். அப்புறம் ஊர் முழுவதன் மலமும் அப்படியே ஆற்றில்தான்.

அமெரிக்காவின் லூயிவில் நகரம் இதை அனுபவித்தது. 1977இல் பூச்சிக்கொல்லித் தயாரிப்போடு தொடர்புடைய நச்சுக் கழிவை அங்கே சாக்கடையில் கொட்டினார்கள். நிலைய ஊழியர்கள் நோயில் விழுந்தார்கள், நிலையத்தை மூடினார்கள், வாரக்கணக்கில் நகரத்தின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஒஹாயோ ஆற்றில் கலந்தது. 1981 பிப்ரவரி 13 அன்று, அதே நகரில், சோயா ஆலையிலிருந்து சாக்கடைக்குள் போன ஹெக்சேன் ஆவி தீப்பிடித்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேலான சாக்கடைப் பாதை வெடித்துச் சிதறியது.

நம் நாட்டில் வரம்பு இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணையை ஒருமுறை படித்துப் பாருங்கள். உயிரிகளால் சிதையும் அழுக்கை அளக்கும் பி.ஓ.டி., ஆற்றில் விடுவதற்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம். பொதுச் சாக்கடைக்கு 350 வரை. நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சலுகை நியாயமானது. பாதரசத்துக்கோ இரண்டிலும் ஒரே வரம்பு: 0.01. அங்கே நிலையத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஈயத்துக்கு வரும்போது ஆற்றில் 0.1, சாக்கடையில் 1.0! பத்து மடங்கு எதற்காக? மற்ற வீட்டுக் கழிவோடு கலந்து நீர்த்துவிடும் என்ற கணக்குக்கு மேல் இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பட்டறைக்காரரின் நம்பிக்கை அட்டவணைக்குள்ளும் புகுந்திருக்கிறது. நீர்த்த ஈயம் குறைந்த ஈயம் ஆகாது. அது கசட்டில் சேர்ந்துகொண்டே போகும். அந்தக் கசட்டை எரு என்று எந்த விவசாயியிடம் கொடுப்பது?

அமிலக் கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமில, காரத்தன்மைக்கு 5.5 முதல் 9 வரை என்று வரம்பு வைத்திருப்பது குழாயைக் காக்க மட்டுமல்ல. சாக்கடையில் கரைந்து கிடக்கும் சல்பைடோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். சயனைடோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மேன்ஹோலுக்குள் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம், ஆனாலும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. மேலே நின்று அமிலத்தை ஊற்றிவிட்டவர் பெயர் எந்த வழக்கிலாவது வந்ததா?

சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். குரோமியக் கழிவை பைசல்பைட்டால் மாற்றி, சுண்ணாம்பு சேர்த்துப் படியவைப்பது பழைய, எளிய வேதியியல். படிந்ததை வாங்கிப் புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளுக்கான இடம் இருக்கிறது. ஒவ்வொரு பட்டறையும் தனியாகச் செய்ய முடியாவிட்டால் பத்துப் பட்டறை சேர்ந்து செய்யட்டும், அரசு மானியம் தரட்டும். மாதிரி எடுப்பதை மட்டும் கடைசி நிலையத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு ஆலையின் இணைப்பும் பொதுக் குழாயைத் தொடுகிற தொட்டியில், முன்னறிவிப்பின்றி, இரவிலும் மழை நாளிலும் எடுக்க வேண்டும். முடிவை ஆலையின் வாசலிலேயே ஒட்ட வேண்டும்.