வீடியோவை எதில் பார்ப்பது... யார் முடிவு செய்வது?

கல்யாண வீடியோ பென் டிரைவில் வந்திருக்கிறது. லேப்டாப்பில் டபுள் கிளிக் செய்தால், வழக்கமாகப் பார்க்கும் விஎல்சி-க்குப் பதில் வேறு பிளேயர் திறக்கிறது. ‘நேத்துதானே மாத்தினோம்?’ என்று எரிச்சல் வரும். மாற்றியது சரிதான். ஆனால் மாற்றியது எம்பி4 ஃபைலுக்கு மட்டும். இப்போது வந்திருப்பது எம்கேவி.

விண்டோஸ் 10-ல் ‘வீடியோ பிளேயர்’ என்று ஒரே இடம் இருந்தது. அங்கே ஒரு ஆப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். 2021-ல் வந்த விண்டோஸ் 11 அதை எடுத்துவிட்டது. எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆப்கள் தாங்களாகவே டீஃபால்ட்டை மாற்றிக்கொள்வதை விண்டோஸ் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. இன்ஸ்டால் ஆனதுமே எல்லா ஃபைலையும் வளைத்துப் போட்ட பிளேயர்கள் ஒரு காலத்தில் இருந்தன. அதற்காக, கம்ப்யூட்டரின் சொந்தக்காரரையே ஏன் அலைய விட வேண்டும்?

பிரவுசர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், 2022-ல் ஒரே கிளிக்கில் மாற்றும் பட்டன் வந்தது. அந்த அப்டேட்டில் வீடியோ பிளேயர்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. பிரவுசருக்காகச் சண்டை போட கூகுள் போன்ற பெரிய கைகள் உண்டு. விஎல்சி-யை நடத்துவதோ வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு!

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ் போய், உங்கள் பிளேயரின் பெயரைத் தொடுங்கள். அது திறக்கக்கூடிய ஃபைல் வகைகள் வரிசையாக வரும். கொஞ்சம் பொறுமையோடு, நீங்கள் பார்க்கும் வகைகளை மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஒரு ஃபைல்தான் பிரச்னை என்றால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’ வழியாக ஆப்பைத் தேர்ந்தெடுத்து, ‘ஆல்வேஸ்’ கொடுங்கள். ‘ஜஸ்ட் ஒன்ஸ்’ கொடுத்தால் அடுத்த முறை பழைய கதைதான்.

இன்னொன்று. சத்தம் வருது, படம் வரலை என்றால் அது பெரும்பாலும் டீஃபால்ட் ஆப் சிக்கல் இல்லை, கோடெக் சிக்கல். ஐபோனில் எடுத்த ஹெச்இவிசி வீடியோக்களில் இது சகஜம். அதற்கான எக்ஸ்டென்ஷனை மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் காசுக்கு விற்கிறது. விஎல்சி-யில் அது உள்ளேயே இருக்கிறது, இலவசமாக.