கஷ்டப் பிரதேசத்துப் பயிற்றுவிப்பாளர்

கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு இடமாற்றம் வந்தால் அதைத் தண்டனையாகவே ஆசிரியர்களாகிய நாம் பேசிக்கொள்கிறோம். உதைபந்தாட்டத்தில் ஒருவர் அப்படிப்பட்ட இடங்களையே தன் தொழிலாக்கிக்கொண்டார். அவர் ஜேர்மனியரான ஒட்டோ ஃபிஸ்டர்.

முன்கள வீரராக அவர் பெரிய நட்சத்திரமல்ல. விளையாடியது பெரும்பாலும் சுவிட்சர்லாந்துக் கழகங்களில். பயிற்றுவிப்பாளரானதும் ஆபிரிக்கா, ஆசியா என்று நாடு நாடாகப் போனார். 1991இல் கானாச் சிறுவர்கள் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை வென்றதும், 1995இல் மியன்மாரில் பங்களாதேஷ் தன் முதலாவது சர்வதேசக் கிண்ணத்தைத் தூக்கியதும் அவரது பயிற்சியில்தான். 2008இல் கமரூனை ஆபிரிக்கக் கிண்ண இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார். 80 வயதை நெருங்கியபோதும் ஓயவில்லை. ஆப்கானிஸ்தான் அணியைப் பொறுப்பேற்றார்.

ஆனால் அர்ப்பணிப்பு மட்டும் போதாது. 2006 உலகக் கிண்ணத்தில் டோகோ வீரர்களின் கொடுப்பனவுப் பிரச்சினை தீராததால் அவர் பதவி விலகினார். முதல் போட்டிக்கு முன் திரும்பி வந்தார். ஆனாலும் மூன்று போட்டிகளிலும் டோகோவுக்குத் தோல்விதான்.

நமக்கும் இதே கணக்குத்தான். வசதியில்லாத பிள்ளைகளிடம் நல்ல ஆசிரியர் போக வேண்டும். போகிறவரின் கொடுப்பனவை இழுத்தடிக்காமல் கொடுக்கவும் வேண்டும். ஒன்றைக் கேட்டு மற்றதை மறந்தால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான்.