போரில் பைலட் வேலை சொகுசா? கட்டிலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு!

போருக்குப் போயே ஆகணும்னு வந்தால், நீங்க பைலட்டா, காலாட்படையா? பலரும் பைலட் பக்கம்தான் கை தூக்குவோம். காரணம் சிம்பிள்... ராத்திரி தூங்க ஒரு கட்டிலாவது இருக்கும்!

இரண்டாம் உலகப்போரில் நிஜமாகவே இருந்தது. இங்கிலாந்திலிருந்து பறந்து ஜெர்மனிமீது குண்டுவீசிய அமெரிக்காவின் 8-வது விமானப்படையினர் தங்கியது தகரக் கொட்டகையில்தான். ஆனால் கட்டில், கணப்பு அடுப்பு, லீவு கிடைத்தால் லண்டன். தாக்குதலுக்குக் கிளம்பும் நாளில், பவுடர் முட்டைக்குப் பதில் நிஜ முட்டை. 1944 குளிர்காலத்தில் அதே ஐரோப்பாவில் காலாட்படை வீரர், தானே தோண்டிய குழியில் படுத்தார். நனைந்த பூட்ஸை நாள்கணக்கில் கழற்ற முடியாமல், பாதம் புண்ணாகி ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

முட்டையைப் பார்த்துப் பொறாமைப்படாதீங்க. பி-17 விமானம் 25,000 அடியில் பறக்கும்போது உள்ளேயே மைனஸ் 40 டிகிரி வரை போகும். கையுறை இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் திரும்பினால் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கும். அந்த ஒரு படையில் மட்டும் 26,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

ஆனாலும் அவர்களுக்கு ஓர் எண் இருந்தது. 25 முறை பறந்து முடித்தால் வீட்டுக்குப் போகலாம் (பிறகு அது 30, 35 என ஏறியது, அது வேற கொடுமை). 1943-ல் 25-ஐத் தொட்டவர்கள் குறைவுதான். ஆனால் விரல் விட்டு எண்ணவாவது ஒன்று இருந்ததே! காலாட்படைக்கு அதுவும் இல்லை. காயம், மரணம், இல்லை போர் முடியணும்.

இப்போ உக்ரைனைப் பாருங்க. அங்கே ட்ரோன் இயக்குபவருக்கும் பைலட் என்றுதான் பெயர். முன்வரிசைக்குச் சில கிலோமீட்டர் பின்னால், ஏதாவது நிலவறையில்தான் அவர் வாசம். எதிரி ட்ரோன்கள் தேடித்தேடி வேட்டையாடுவதும் அவரைத்தான். முன்வரிசைக் குழியிலோ இரண்டு மூன்று பேர், வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில். மாற்று ஆள் வரும் பாதை முழுக்க ட்ரோன் கண்காணிப்பு என்பதால், தண்ணீரும் சாப்பாடுமே சில இடங்களில் ட்ரோனில்தான் வருகிறது.

2024 ஏப்ரலில் உக்ரைன் நாடாளுமன்றம் ஆள்சேர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 36 மாதப் பணிக்குப் பிறகு விடுவிக்கலாம் என்று வரைவில் இருந்த பிரிவு, கடைசியில் நீக்கப்பட்டது. கீவ் தெருக்களில் வீரர்களின் மனைவிகள் நின்று கேட்டது அந்தத் தேதியைத்தான்.