வற்றாத மடி

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது பழமொழி. பசு வாங்கச் செல்வோர் தாய்ப்பசுவின் பாலை விசாரிப்பதும் இந்நம்பிக்கை பற்றியே. எனினும், எத்தனை இலீற்றர் என்று கேட்பவர் பலர். எத்தனை மாதம் என்று கேட்பவர் சிலரே. பிந்திய வினாவே ஆழமானது.

கன்று ஈன்ற பசுவின் பால் நாளுக்கு நாள் பெருகி, ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் உச்சத்தை அடையும். பின்னர்ப் படிப்படியாகக் குறையும். மடியிலே பால் சுரக்கும் கலங்கள் புதிதாகத் தோன்றுவதிலும் விரைவாக அழிவதே இதற்குக் காரணம். அவ்வழிவு மெதுவாக நிகழும் பசு நெடுநாள் கறக்கும். கனடா நாட்டார் 1999 ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வியல்பை மதிப்பிட்டு வருகின்றனர். 60 ஆம் நாட் பாலில் நூற்றுக்கு எத்தனை வீதம் 280 ஆம் நாளிலும் நிலைத்திருக்கிறது என்பதே அவர்தம் அளவுகோல்.

உதாரணமாக இரு பசுக்களை எண்ணிப் பார்ப்போம். ஒன்று 60 ஆம் நாளில் 40 இலீற்றரும் 280 ஆம் நாளில் 20 இலீற்றரும் தருகிறது. மற்றது 35 இலிருந்து 25 க்கே இறங்குகிறது. இரண்டும் சீராகக் குறைந்தனவாயின் அவ்விடைக்காலத்து மொத்தப் பால் ஒன்றே. ஆயின் முதற்பசு, உச்சக் காலத்தில் உண்ணும் தீனி போதாமல், தன் உடற்கொழுப்பையே கரைத்துப் பாலாக்குகிறது. அதனால் நோய்வாய்ப்படலும் மீண்டும் சினைப்படத் தாமதித்தலும் நேர்வதுண்டு. மற்றதற்கு விலையுயர்ந்த தானியத்தீனி குறைவாகவே வேண்டும். உடலும் அத்துணை மெலியாது. மொத்தக் கணக்கை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

இவ்வியல்பு பரம்பரையாக வருமா? ஓரளவு வரும், தீனியும் பராமரிப்பும் எஞ்சியதைத் தீர்மானிக்கும். ஒரு பரம்பரையலகு அன்று, சிறு சிறு ஆற்றலுடைய பல அலகுகள் கூடியே இதனை விளைக்கின்றன. அவற்றுட் பாதி தந்தை வழியே வருவன. ஆகவே நம் பழமொழி பாதி உண்மையே.

பால் தராத காளையின் தகைமையை அறிவது எங்ஙனம்? அதன் வழிவந்த பசுக்களின் கறவைப் பதிவுகளைக் கொண்டே அறிந்தனர். அதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும், இளங்கன்றின் உரோமம் முதலியவற்றிலுள்ள பரம்பரைப் பொருளைச் சோதித்தே முன்கூட்டி மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீட்டுக்கும் அடிப்படை அப்பழைய பதிவேடுகளே.

ஒரு நாட் கறவையைக் கண்டு பசுவை மெச்சுதல், ஒரு பரீட்சையைக் கண்டு மாணவனை மெச்சுதல் போன்றதே. வீட்டில் பசுவுள்ள மாணவர், கிழமைக்கொருமுறை பாலை அளந்து கொப்பியில் எழுதி வருவாராயின், ஆண்டிறுதியில் அப்பசுவைப் பற்றி, விலை பேச வருவோர் அறியாத ஒன்றை அறிவர்.