தருமபுரி வரலாற்றில் விடுபட்ட கடல்

தருமபுரி மாவட்டத்தில் தண்ணீரில் ஓடுவது என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். இந்த ஊருக்கும் கடற்படைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 1792-ல் இந்த மண் கைமாறிய கதையில் கடலுக்கும் பங்கு உண்டு. நம் உள்ளூர் வரலாற்றுப் பேச்சில் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்தப் பகுதியின் பழைய பெயரான பாரமகால் என்றதும் ஹைதர் அலி, திப்பு சுல்தான், பிறகு அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ என்று பெயர்கள் வரிசையாக வரும். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவைப் பணியவைத்த கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே போரில் அவருடைய தம்பி வில்லியம் காரன்வாலிஸ் இந்தியக் கடலில் பிரிட்டிஷ் கடற்படையின் தலைவராக இருந்தார். தரைக்கு அண்ணன், தண்ணீருக்குத் தம்பி. இன்றைக்கு நடந்திருந்தால் குடும்ப ஆட்சி என்று தலையங்கம் வந்திருக்கும்!

தம்பி வெறும் சிபாரிசில் வந்தவரும் அல்ல. 1744-ல் பிறந்து 11 வயதில் கப்பலேறியவர். 1780-ல் ஜமைக்காவில் நோயுற்றுக் கிடந்த இளம் கடற்படை அதிகாரி நெல்சனைத் தன் ‘லயன்’ கப்பலில் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலைப் பற்றிப் பழைய பயம் ஒன்று இருந்தது. 1782-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்கள் பரங்கிப்பேட்டையில் இறக்கிவிட்ட படை, ஹைதரோடு சேர்ந்து கடலூரைப் பிடித்தது. அப்படி இன்னொரு முறை நடந்துவிடக் கூடாது. அதனால் மூன்றாம் மைசூர்ப் போரில் வில்லியம் மலபார் கரையில் காவல் போட்டு, திப்புவின் மங்களூருக்குப் போகும் கப்பல்களை மறித்துச் சோதித்தார்.

1791 அக்டோபர் கடைசியில் கம்பெனித் தரப்பின் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை பென்னாகரம் கோட்டையைப் பிடித்தது. நவம்பர் 7-ல் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏறப் பார்த்து, மேல்கோட்டை கிடைக்காமல் இறங்கியது. அடுத்த 11-ஆம் நாள், தலச்சேரிக்கு அருகே, சில வணிகக் கப்பல்களுக்குத் துணையாக மங்களூர் நோக்கிப் போன ‘ரெசொல்யூ’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை வில்லியமின் ‘ஃபீனிக்ஸ்’ கப்பல் மறித்தது. பிரெஞ்சுக்காரர் சோதனைக்கு இணங்கவில்லை. பீரங்கிகள் வெடித்தன. அரைமணி நேரத்துக்குள் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. வணிகக் கப்பல்களைத் துழாவினால் திப்புவுக்கான போர்ச் சரக்கு ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் அப்போது பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இடையே சமாதானம். ‘என் கப்பல் இனி உங்கள் கைதி, வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பிரெஞ்சுக் கேப்டன் வீம்பு பிடித்தார். வில்லியம் வாங்கிக்கொள்ளாமல் அதைப் பிரெஞ்சுக்காரர்களின் மாஹேக்கு இழுத்துப்போய் விட்டுவிட்டார். பாரிஸில் புரட்சி, கேட்பார் இல்லை. சோதிக்கும் உரிமை என்று பிரிட்டன் சொல்லிக்கொண்டாலும் இது பச்சை அடாவடி. அடாவடி என்பதற்காக வரலாற்றிலிருந்து தள்ளிவிட முடியாது.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு இழந்த பாதி நாட்டில் பாரமகாலும் ஒன்று. அதை வென்றது கப்பல்தான் என்று வாதிட வரவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட தரைப்படையின் வேலை அது. ஆனால் வெளியிலிருந்து துணை வரக்கூடிய கடல்வழி யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் திப்புவின் நெருக்கடியை எப்படி விளக்குவது?

வில்லியம் 1793-ல் புதுச்சேரி முற்றுகைக்குக் கடல்பக்கம் காவல் நின்றார். பின்னாளில் அட்மிரலாகி, பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வெளியே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து, அங்கிருந்த நெப்போலியனின் கப்பல்களை வெளியே விடாமல் அடைத்தார். 1805 அக்டோபரில் அண்ணன் காசிப்பூரில் இறந்தார். அதே மாதம் டிரஃபால்கர் கடற்போரில் நெல்சன் உயிரையும் கொடுத்துப் புகழையும் அள்ளினார். காவல் காத்தவரை ஊர் மறந்தது. 1819-ல் வில்லியமும் போனார்.

அவருக்குத் தருமபுரியில் சிலை வைக்கச் சொல்லவில்லை. நாடு பிடிக்க வந்தவருக்கு அது எதற்கு? பாரமகால் போர்களைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பென்னாகரம், கிருஷ்ணகிரியோடு தலச்சேரியையும் கரும்பலகையில் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். நடுகற்களைக் காத்துவரும் தருமபுரி அரசு அருங்காட்சியகமும் 1791-ஆம் ஆண்டின் தரை, கடல் இரண்டையும் காட்டும் வரைபடம் ஒன்றை மாட்டிவைக்க வேண்டும்.